எண்ணுக்கு முன்னே நேரம்: குறைமாதக் குழந்தைகளின் செப்சிஸ் பிரிவில் வேலைக்குப் போகிறவர்களுக்கு

ஒரு கிலோ எடையில் பிறந்த குறைமாதக் குழந்தையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தம் ஏறத்தாழ 90 மில்லி. கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க 1 மில்லி, சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு, செல் கவுண்ட், ஸ்மியர் எல்லாவற்றுக்குமாக இன்னொரு 1 மில்லி எடுத்தால், ஒரே தடவையில் நூற்றில் இரண்டு பங்குக்கு மேல் டியூபுக்குள் போய்விடுகிறது. வளர்ந்த ஒருவரிடம் ஒரே மூச்சில் நூறு மில்லி எடுப்பதற்குச் சமம் அது. சாம்பிள் உறைந்துபோனாலோ, லேபிள் மாறினாலோ, எடுத்த நேரத்தை எழுத மறந்தாலோ அந்தக் குழந்தையை மறுபடியும் குத்த வேண்டும். பச்சிளங்குழந்தைப் பிரிவில் நர்ஸாகவோ லேப் டெக்னீஷியனாகவோ போக நினைக்கும் எவரும் மனத்தில் இருத்த வேண்டிய முதல் கணக்கு இது.

பெங்களூரில் ஒக்கலிபுரம், ஸ்ரீராம்புரம், பாஷ்யம் நகர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் பி.யூ.சி. முடித்ததும் நர்சிங்கோ லேப் படிப்போ தேடுகிறார்கள். படித்து முடித்தபின் ஏதாவது ஒரு கிளினிக்கில் சேர்ந்து, அங்கேயே தேங்கிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே ஒரு குறிப்பிட்ட துறையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பிறந்த குழந்தைக்கு ரத்தத்தில் கிருமித்தொற்று, அதாவது செப்சிஸ், இருக்கிறதா என்று நோய் எதிர்ப்பு மண்டலம் விடும் அடையாளங்களைக் கொண்டு கண்டறியும் வேலை அது. ஸ்ரீராம்புரம் மெட்ரோவில் பச்சை வழித்தட ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட். அங்கே இறங்கினால் பக்கத்திலேயே 1935 முதல் இயங்கும் வாணி விலாஸ் அரசு மருத்துவமனை. மல்லேஸ்வரத்தில் கே.சி. ஜெனரல், ஓசூர் ரோடு பக்கம் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம், கோரமங்களா பக்கம் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. என்.ஐ.சி.யூ., அதாவது பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு, வைத்திருக்கும் தனியார் மருத்துவமனைகள் ஊர் முழுக்க இருக்கின்றன. இங்கெல்லாம் கைதேர்ந்த ஆட்களுக்குத் தேவை எப்போதும் உண்டு.

முதலில் நோயின் அளவு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை நடந்து, 2016இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்த ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த 13,530 பச்சிளங்குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். செப்சிஸ் விகிதம் 14.3 சதவீதம். கல்ச்சரில் கிருமி வளர்ந்து உறுதியானது 6.2 சதவீதம்தான். மீதிக் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் அறிகுறிகளையும் மற்ற பரிசோதனைகளையும் வைத்தே முடிவெடுத்தார்கள். வளர்ந்த கிருமிகளில் அசினிடோபாக்டர், கிளெப்சியெல்லா, ஈ.கோலை ஆகியவை முன்னணியில் இருந்தன. மருந்துக்குக் கட்டுப்படாத ரகங்கள் அவற்றில் ஏராளம்.

வேலையின் சிக்கல் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. கல்ச்சர் முடிவு வர ஒன்றரை நாள், இரண்டு நாள் ஆகும். அதுவரை மருந்தை நிறுத்திவைத்தால் தொற்றுள்ள குழந்தை தவறிவிடலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக் ஏற்றினால் நல்ல கிருமிகளும் அழிந்து, குடல் அழற்சி அபாயம் கூடி, வார்டில் எதற்கும் மசியாத கிருமிகள் குடியேறும். இந்த இடைவெளியில் வழிகாட்டத்தான் ரத்த அடையாளங்கள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிகாரம்

கிருமி நுழைந்ததும் வெள்ளையணுக்கள் முதலில் இன்டர்லூக்கின்-6 என்ற செய்திப் புரதத்தை வெளியிடுகின்றன. அது ஓரிரு மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். அந்தச் செய்தி எட்டியபின்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கத் தொடங்கும். ஆகவே சி.ஆர்.பி. ஏற ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். உச்சத்தை எட்ட ஒன்று இரண்டு நாள். புரோகால்சிடோனின் என்ற இன்னொரு அடையாளம் இந்த இரண்டுக்கும் நடுவில்: இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் ஏறத் தொடங்கும்.

இதன் பொருள் என்ன? குழந்தை சோர்ந்த அரை மணி நேரத்தில் எடுத்த சி.ஆர்.பி. நார்மல் என்று வந்தால் அதை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. அதே எண் 24 மணி நேரம் கழித்தும் நார்மலாகவே இருந்தால் அது மிகப் பெரிய செய்தி. ஸ்டான்ஃபோர்டில் வில்லியம் பெனிட்ஸ் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் நிறுவியது: அடுத்தடுத்து எடுத்த சி.ஆர்.பி.கள் ஏறவில்லை என்றால் தொற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு.

புரோகால்சிடோனினில் ஒரு பொறி இருக்கிறது. எந்த நோயும் இல்லாத குழந்தைக்கும் பிறந்த முதல் இரண்டு நாள் அது தானாகவே ஏறி இறங்கும். பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று தெரியாமல் அந்த எண்ணைப் படிக்கவே முடியாது. குறைமாதக் குழந்தைகளில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் நீளும். சி.ஆர்.பி.யும் வேறு காரணங்களுக்காக ஏறும்: கஷ்டப் பிரசவம், குழந்தை மலநீரை மூச்சில் இழுத்தது, அறுவை சிகிச்சை. போதாதற்கு, மிகச் சின்னக் குழந்தைகளின் உடம்பு தொற்று இருக்கும்போதும் சி.ஆர்.பி.யைப் போதுமான அளவு சுரக்காமல் போகலாம்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களின் மேல் தோன்றும் சி.டி.64 என்பது அடுத்த வரிசை அடையாளம். அமைதியாக இருக்கும் அணுவில் அது மிகக் குறைவு. தொற்று வந்த சில மணி நேரத்தில் பன்மடங்கு கூடும். சில துளி ரத்தமே போதும் என்பது குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரிய வரம். ஆனால் அதை அளக்க ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவி வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அதை இயக்க ஆள் வேண்டும். அதனால்தான் ஆய்வுத்தாள்களில் நிறையவும் வார்டுகளில் அரிதாகவும் காண்கிறோம். பிரெசெப்சின், இன்டர்லூக்கின்-8, சீரம் அமைலாய்டு ஏ ஆகியவையும் ஆராய்ச்சியில் இருக்கின்றன. எது வந்தாலும் உங்கள் முதல் கேள்வி ஒன்றாகவே இருக்கட்டும்: தொற்று தொடங்கி எவ்வளவு நேரத்தில் இது ஏறும், எவ்வளவு நேரத்தில் இறங்கும்?

நர்ஸாகப் போகிறவர்களுக்கு

குறைமாதக் குழந்தைக்குச் செப்சிஸ் வந்தால் காய்ச்சல் அடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். பல நேரம் உடம்பு குளிர்ந்துதான் போகும். நேற்றுவரை குழாய் வழியே போன பாலை ஏற்றுக்கொண்ட குழந்தை இன்று வயிற்றிலேயே தேக்கிவைக்கும். மூச்சு இடையிடையே நின்று நின்று வரும். தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறும். மார்பில் விரலால் அழுத்தி எடுத்தால் ரத்தம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆகும். இவற்றை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர், பக்கத்திலேயே நிற்கும் சிஸ்டர்தான். அந்த நேரத்தை உடனே எழுதுங்கள். “காலை டியூட்டியில் டல்லாக இருந்தது” என்பது போதாது. “4.20க்கு முதல் தடவை மூச்சு நின்றது, உடம்பு வெப்பம் 35.8” என்று எழுதினால், பிறகு வரும் ஒவ்வொரு லேப் எண்ணுக்கும் ஒரு பொருள் கிடைக்கும்.

கல்ச்சர் எடுக்கும்போது ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே எடுக்க வேண்டும். குறைந்தது 1 மில்லி. அரை மில்லியோடு நிறுத்தினால் கிருமி இருந்தும் பாட்டிலில் வளராமல் போகலாம். தோலைத் துடைத்த மருந்து காயும்வரை காத்திருக்க வேண்டும். காயாமல் குத்தினால் தோலில் வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் பாட்டிலுக்குள் போய், இல்லாத நோய்க்கு வாரக்கணக்கில் மருந்து ஏறும். பழைய கானுலாவிலிருந்து உறிஞ்சுவது சுலபம்தான், ஆனால் கல்ச்சருக்கு அது கூடாது. இந்த ஒழுங்கெல்லாம் ஒரு பக்கம் இருக்க, கல்ச்சர் எடுப்பதற்காக முதல் டோஸ் மணிக்கணக்கில் தாமதமாகவும் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்யத் தெரிந்தவரைத்தான் சீனியர் என்கிறோம்.

லேபிள் விஷயத்தில் இன்னொன்று. நம் மருத்துவமனைகளில் பெயர் வைக்காத குழந்தைகள் எல்லாம் தாயின் பெயரால்தான் அறியப்படுகின்றன: ‘பேபி ஆஃப் லட்சுமி’. ஒரே நாளில் மூன்று லட்சுமிகள் வார்டில் இருப்பார்கள். இரட்டைக் குழந்தைகள் என்றால் ஒன்று, இரண்டு என்று எண் போட வேண்டும். தாயின் பெயரோடு மருத்துவமனை எண்ணையும் குழந்தையின் கைப்பட்டையில் பார்த்து, குழந்தையின் அருகிலேயே நின்று லேபிள் ஒட்டுங்கள். மேசைக்குப் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்ற பழக்கம் முதல் நாளிலிருந்தே வேண்டாம்.

படிப்பைப் பொறுத்தவரை, பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, பி.யூ.சி.யில் உயிரியல் வேண்டும். ஜி.என்.எம். மூன்று ஆண்டு, ஆர்ட்ஸ் எடுத்தவர்களும் சேரலாம். இரண்டில் எதை முடித்தாலும், இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி பச்சிளங்குழந்தை நர்சிங்கில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. என்.ஐ.சி.யூ.விலேயே நிலைக்க விரும்புகிறவர்கள் அதை முடிப்பது நல்லது.

லேப் பக்கம்

லேபில் வேலை தேடுகிறவர்களுக்கு என் உறுதியான ஆலோசனை: ஸ்மியர், அதாவது கண்ணாடித் தகட்டில் பரப்பிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள். கருவி எல்லாம் செய்துவிடும் என்ற எண்ணம் பரவியிருக்கும் காலத்தில் இந்தத் திறமை உள்ளவர்கள் குறைந்து வருகிறார்கள். நம் நாட்டில் பச்சிளங்குழந்தைகளுக்கான செப்சிஸ் ஸ்க்ரீன் என்பது ஐந்து எண்களின் கூட்டு: மொத்த வெள்ளையணுக்கள் 5,000க்குக் கீழ், நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறைவு, முதிராத நியூட்ரோஃபில்களுக்கும் மொத்தத்துக்குமான விகிதம் 0.2க்கு மேல், மைக்ரோ ஈ.எஸ்.ஆர். முதல் மணி நேரத்தில் 15 மில்லிமீட்டருக்கு மேல், சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல். இவற்றில் இரண்டு மாறியிருந்தால் ஸ்க்ரீன் பாசிட்டிவ். நெகட்டிவ் வந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி.

முதிராத அணுவை அடையாளம் காண்பது இன்றும் கண்ணும் மைக்ராஸ்கோப்பும் செய்யும் வேலை. அதைவிட முக்கியமான ஒரு நுணுக்கம் உண்டு. குறைமாதக் குழந்தையின் ரத்தத்தில் கரு நீங்காத சிவப்பணுக்கள் மிதக்கும். பல கருவிகள் அவற்றையும் வெள்ளையணு என்றே எண்ணிவிடும். கருவி 5,700 என்று காட்டுகிறது. ஸ்மியரில் நூறு வெள்ளையணுவுக்கு இருபது கருவுள்ள சிவப்பணு தெரிகிறது என்று வையுங்கள். 5,700ஐ நூறால் பெருக்கி 120ஆல் வகுத்தால் உண்மையான எண் 4,750. எல்லைக்கு மேலே இருந்த குழந்தை எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. ஸ்க்ரீனின் தீர்ப்பையே இது மாற்றக்கூடும். திருத்தத்தைத் தானே செய்துகொள்ளும் புதிய கருவிகளும் இருக்கின்றன; உங்கள் லேபில் உள்ளது எந்த ரகம் என்று சேர்ந்த முதல் வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மைக்ரோ ஈ.எஸ்.ஆர். பழைய முறை, மெல்லிய கண்ணாடிக் குழாயில் குதிகாலிலிருந்து சில துளி, ஒரு மணி நேரம் செங்குத்தாக நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு கீழே படிந்தன என்று பார்ப்பது. செலவில்லாதது. சின்ன ஊர் மருத்துவமனைக்கு வேலைக்குப் போனால் கைகொடுக்கும்.

அடுத்தது அலகு. சி.ஆர்.பி.யைச் சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில லேப்கள் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் தருகின்றன. முதலாவதில் 10 என்பது இரண்டாவதில் 1. “சி.ஆர்.பி. 6 சார்” என்று போனில் சொன்னால் அது நார்மலா, ஆபத்தா? ஒரு அலகில் எல்லைக்குள், இன்னொரு அலகில் எல்லையைப் போல ஆறு மடங்கு. லேடெக்ஸ் முறையில் செய்யும் சி.ஆர்.பி. தோராய அளவைத்தான் தரும் என்பதையும் ரிப்போர்ட்டில் குறிக்க வேண்டும். போனில் முடிவு சொன்னால் அலகோடு சொல்லுங்கள், எதிர்முனையில் இருப்பவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள், பெயரையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

நேர்காணலில் கேட்கும் ஒரு கணக்கு

“சென்சிடிவிட்டி 80, ஸ்பெசிஃபிசிட்டி 80 உள்ள பரிசோதனை. பாசிட்டிவ் வந்த குழந்தைக்குச் செப்சிஸ் இருக்க வாய்ப்பு எவ்வளவு?” 80 சதவீதம் என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். சந்தேகத்துக்குரிய நூறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நிஜமாகவே தொற்று என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்தில் 8 பேர் பாசிட்டிவ், 2 பேர் தவறிவிடுகிறார்கள். தொற்றில்லாத 90 பேரில் 18 பேரும் பாசிட்டிவ். ஆக 26 பாசிட்டிவில் 8தான் உண்மை. மூன்றில் ஒன்றுகூட இல்லை. மறுபக்கம் 74 நெகட்டிவில் 72 உண்மை.

இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவருக்கு, மருத்துவர்கள் ஏன் இந்த அடையாளங்களை மருந்தை ஆரம்பிக்க நம்புவதைவிட நிறுத்த அதிகம் நம்புகிறார்கள் என்பது விளங்கிவிடும். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு மருத்துவமனைகளில் 34 வாரத்துக்கு மேல் பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான நியோபின்ஸ் ஆய்வில், புரோகால்சிடோனினைத் தொடர்ந்து பார்த்து முடிவெடுத்தபோது ஆன்டிபயாட்டிக் ஓடிய நேரம் சராசரி 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. பத்து மணி நேரம் சின்னதாகத் தோன்றலாம்; ஓர் ஊசி குறைந்தாலும் அந்தக் குழந்தைக்கு லாபம்தான். ஆனால் அந்த ஆய்வில் 28, 30 வாரக் குழந்தைகள் இல்லை. அதை அப்படியே அவர்களுக்குப் பொருத்தக் கூடாது என்பதையும் நேர்காணலில் சேர்த்துச் சொன்னால், எதிரே இருப்பவர் உங்களைக் கவனிப்பார்.

ஆராய்ச்சி, கருவி, களம்

மருத்துவமனை வேலை மட்டும்தான் என்றில்லை. செயின்ட் ஜான்ஸ் போன்ற இடங்களில் ஆராய்ச்சித் திட்டங்களுக்கு நர்ஸ், டெக்னீஷியன், கள ஒருங்கிணைப்பாளர் எடுப்பதுண்டு. ஒப்பந்த வேலைதான், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். பெங்களூரிலிருந்து வந்த பெம்பு நிறுவனம் குழந்தையின் உடம்பு குளிர்ந்தால் ஒலியெழுப்பும் கைப்பட்டையை உருவாக்கியது. எக்ஸ்சைட்டான் நிறுவனம் கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனையை உருவாக்கியது. ராஜாஜிநகர் நாராயண நேத்ராலயா 2008இல் தொடங்கிய கிட்ராப் திட்டம் இன்னும் நல்ல முன்மாதிரி: மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஊழியர்கள் கர்நாடகத்தின் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய்க் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து அனுப்புகிறார்கள், கண் மருத்துவர் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்கிறார். படிப்பு டிப்ளமோவாக இருந்தாலும் செய்யும் வேலையால் மாநிலம் முழுக்கப் பார்வையைக் காக்க முடியும் என்று காட்டிய திட்டம் அது. செப்சிஸ் அடையாளங்களிலும் கையடக்கக் கருவிகள் வார்டுக்கு வரும்போது அவற்றைச் சரியாக இயக்கும் ஆட்கள் தேவைப்படுவார்கள்.

ஆராய்ச்சியில் சேர்ந்தால் ஒன்றில் கறாராக இருங்கள். ஆய்வுக்கென்று ஒரு துளி கூடுதலாக எடுத்தாலும் பெற்றோருக்குப் புரியும் மொழியில் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். மிச்சமான சாம்பிள் என்றாலும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் தொடக் கூடாது.

மொழியில்தான் ஒக்கலிபுரத்துப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே ஒரு பலம் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பக்கத்து வீட்டில் தெலுங்கோ உருதோ என்று வளர்ந்தவர்கள் நீங்கள். பெங்களூரு அரசு மருத்துவமனை வார்டில் இந்த நான்கும் ஒலிக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஒரு பாட்டிக்கு, “இன்னைக்கு ரத்தத்துல தொற்று தெரியலம்மா, ஆனா நாளைக்கு மறுபடியும் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்று சொல்லத் தெரிந்த நர்ஸ், அந்தக் குடும்பம் பயந்துபோய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடாமல் காக்கிறார். பேச்சுக் கன்னடம் தெரிந்தால் போதும் என்று நிற்காமல் எழுதவும் படிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். கர்நாடக அரசு வேலைக்கு அது இல்லாமல் முடியாது.

கடைசியாகக் கல்லூரி. பெங்களூரில் நர்சிங் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, கமிஷன் வாங்கும் ஏஜென்டுகளுக்கும் பஞ்சமில்லை. ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா, நர்சிங் என்றால் கவுன்சில் அங்கீகாரம் இந்த ஆண்டுக்கும் செல்லுமா என்று நீங்களே பாருங்கள். பிறகு அப்பாவையோ அண்ணனையோ அழைத்துக்கொண்டு நேரில் போய், மாணவர்களைப் பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே என்.ஐ.சி.யூ. இருக்கிறதா, எத்தனை வாரம் அங்கே நிற்க விடுவார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தெளிவாகச் சொல்லாத கல்லூரிக்குப் பணம் கட்டாதீர்கள்.